கெட்டிமேளத்துக்கு முந்தைய நான்கு நிமிடம்

செப்டம்பர் 4, புதன்

நாளை புளியங்குடியில் முகூர்த்தம், ஒன்பதிலிருந்து பத்தரைக்குள். பெண் உலகேஸ்வரி, மருந்துக்கடையில் பார்மசிஸ்ட். அப்பா வேலாயுதம், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா இறந்து ஒன்பது வருஷம். வேலாயுதத்தின் தம்பி சுப்பையா பாத்திரக்கடைக்காரர். ஆர்டர் பேச அவர்தான் வீடு தேடி வந்தார். ஸ்டில் போட்டோவுக்கு ஜெபராஜ், வீடியோவுக்கு நான். இரண்டாவது வீடியோவுக்கு வழக்கமாக வருகிறவனுக்கு அம்மை போட்டிருக்கிறது. ஒற்றை ஆளாகத்தான் சமாளிக்க வேண்டும்.

புது கேமராவுக்கும் நாளைதான் முதல் கல்யாணம். மிரர்லெஸ், உள்ளே கண்ணாடி இல்லாத சின்ன வகை. போட்டோவும் எடுக்கும், ஆனால் வீடியோவுக்கென்றே செய்தது. கண் வைத்துப் பார்க்கிற ஓட்டைகூடக் கிடையாது, பின்னால் ஒரு திரை மட்டும். சூடாகாமல் இருக்க உள்ளே ஒரு குட்டி ஃபேன் ஓடுகிறது. என் வீட்டுக்காரி முத்துச்செல்வி கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "சோப்பு டப்பா மாதிரி இருக்கு. இதத் தூக்கிக்கிட்டுப் போனா வீடியோக்காரருன்னு எவன் நம்புவான்?" என்றாள். அவள் சொல்வதும் சரிதான். பழைய கேமராவைத் தோளில் வைத்தால் கூட்டம் தானாக வழிவிடும்.

பதிவு ஓடும்போது முன்பக்கம் ஒரு சிவப்பு விளக்கு எரிகிறது. அது எரிந்தால் போதும், நம் ஜனம் விறைத்துப்போகும். மாமாமார்கள் மீசையைத் தடவுவார்கள். அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டிவிட்டேன். பதிவு ஓடும்போது திரையைச் சுற்றி வருகிற சிவப்புக் கட்டமும் எரிச்சலாக இருந்தது. அதையும் அணைத்துவைத்தேன். இருபது வருஷம் வீடியோ எடுத்தவனுக்கு விளக்கு பார்த்தா தெரிய வேண்டும்?

செப்டம்பர் 5, வியாழன்

கல்யாணம் நன்றாக நடந்தது. அப்பளம் தீர்ந்துபோனதற்கு ஒரு சண்டை. அது இல்லாமல் எந்தக் கல்யாணம் நடந்திருக்கிறது?

தாரை வார்த்தது சித்தப்பா சுப்பையாவும் அவர் மனைவியும். மனைவியை இழந்தவர் தாரை வார்க்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். வேலாயுதம் அண்ணாச்சி மேடையே ஏறவில்லை. கீழே என் லைட் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நின்றார். அங்கிருந்து என்னிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தார். வேலை நேரத்தில் பேச்சுக் கொடுப்பவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது.

பந்தி எடுக்கும்போது பேட்டரி மாற்றினேன். ஒன்றரைக்குக் கிளம்பிவிட்டோம்.

இவ்வளவும் எழுதி மூடிவைத்த பிறகு ஜெபராஜ் போன் செய்தான். பெண்ணின் அப்பா மூன்றரை மணிக்கு மண்டபத்திலேயே மாரடைப்பில் இறந்துபோனாராம். ஸ்டோர் ரூமில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடியே. சாமான் கணக்குப் பார்க்கப் போன சமையல்காரர்தான் தொட்டு எழுப்பினாராம். பெண் அந்த நேரம் மாப்பிள்ளை வீட்டில் பாலும் பழமும் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

நல்ல மனிதர். எனக்குச் சோறு இறங்கவில்லை.

செப்டம்பர் 6, வெள்ளி

பிரேதம் எடுப்பதற்கு நான் போகவில்லை. ஜெபராஜ் மட்டும் மாலை வாங்கிக்கொண்டு போனான். எனக்கு இடுப்பு வலி.

செப்டம்பர் 7, சனி

பிள்ளையார் சதுர்த்தி. முத்துச்செல்வி கொழுக்கட்டை அவித்தாள். கேமராவின் கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன்.

தாலி கட்டியது இல்லை.

செப்டம்பர் 9, திங்கள்

இரண்டு நாளாக வேறு வேலை எதுவும் ஓடவில்லை. நடந்தது இதுதான். முகூர்த்தத்துக்குச் சற்று முன்னால் கேமராவைக் கையில் தொங்கவிட்டு நின்றபோது விரல் பட்டோ, சட்டையில் உரசியோ பதிவு தானாக ஓடத் தொடங்கியிருக்கிறது. பட்டன் ஒன்றுதான். ஒரு தடவை அழுத்தினால் ஓடும், இன்னொரு தடவை அழுத்தினால் நிற்கும். பதிவு ஓட வேண்டும் என்று நான் அழுத்தியபோதெல்லாம் நின்றிருக்கிறது, நிறுத்துவதற்காக அழுத்தியபோதெல்லாம் ஓடியிருக்கிறது. பந்தியில் பேட்டரியைக் கழற்றும்வரை இப்படியே தலைகீழாகப் போயிருக்கிறது.

அதனால் தாலி இல்லை, அட்சதை இல்லை, அக்னி சுற்றியது இல்லை. இருப்பதெல்லாம் மண்டபத்துத் தரை, என் செருப்பு, யாரோ சிந்திய காபி. ஒன்றுக்கும் உதவாது.

பட்டனை இவ்வளவு லேசாகவா வைப்பான்? ஜெபராஜிடம் சொன்னால், "ஆடத் தெரியாதவ மேடை கோணல்னு சொன்னாளாம். சிவப்பு லைட்டுல டேப்ப ஒட்டுனது யாருல? கம்பெனிக்காரனா வந்து ஒட்டுனான்?" என்கிறான். இவனிடம் போய்ச் சொன்னேன் பாருங்கள்.

அவன் எடுத்த ஸ்டில் இருக்கிறது. தாலி கட்டும் இடத்தில் அதை வைத்து, மெதுவாக நகர்த்தி, நாதஸ்வரம் போட்டுவிட்டால் தெரியாது.

செப்டம்பர் 16, திங்கள்

ஆவணி முடிந்தது. இனி புரட்டாசி முழுக்க முகூர்த்தம் கிடையாது. எடிட்டிங்தான்.

செப்டம்பர் 21, சனி

நேற்று பதினாறு முடிந்ததாம். இன்று காலை பெண் போன் செய்தாள்.

"அண்ணே, நான் உலகேஸ்வரி. ஆல்பம் எல்லாம் மெதுவா குடுங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணும். தாலி கட்டுதப்போ அப்பா எங்க நின்னாவன்னே எனக்குத் தெரியல. நான் குனிஞ்சே இருந்துட்டேன். அந்த நேரம் அப்பா முகம் எப்படி இருந்துச்சுன்னு பாக்கணும். அது மட்டும் அனுப்புங்கண்ணே."

"பாக்குதேன்மா. நெறய ஃபைல் கெடக்கு" என்றேன்.

ஜெபராஜின் ஸ்டில் எல்லாவற்றையும் புரட்டிவிட்டேன். எண்ணூற்றுப் பன்னிரண்டு படம். வேலாயுதம் அண்ணாச்சி முழுதாக விழுந்திருப்பது ஒன்றே ஒன்றில், காலையில் வாசலில் யாரையோ கும்பிட்டு வரவேற்கும்போது. மேடையில் ஏறாதவரை யார் எடுப்பார்கள்? நானும் எடுக்கவில்லை. குற்றம் என்று சொல்ல முடியாது, தொழில் அப்படி.

செப்டம்பர் 23, திங்கள்

தரை என்று ஒதுக்கிய கிளிப்புகளில் ஒன்றை இன்று ஹெட்போன் போட்டுக் கேட்டேன். கெட்டிமேளத்துக்கு முந்தைய நான்கு நிமிடம். அண்ணாச்சி பேசுவது தெளிவாக இருக்கிறது. இந்தக் கேமராவில் மைக் அருமையானது.

பாதியில் நிறுத்திவிட்டு வெளியே போய் டீ குடித்தேன். பிறகு வந்து மீதியையும் கேட்டேன்.

செப்டம்பர் 24, செவ்வாய்

வேலை எதுவும் செய்யவில்லை.

செப்டம்பர் 28, சனி

அவளுக்கு ஒரு நிமிட வீடியோ செய்து அனுப்பினேன். அவர் கும்பிடும் படம், மேலே ஜெபராஜின் தாலி படம், பின்னணியில் அவர் குரல். இரண்டே வரி.

"எங்க வீட்டுக்காரி இருந்திருந்தா நாங்க ரெண்டு பேரும் மேல நின்னுருப்போம். பிள்ள எவ்வளவு லச்சணமா இருக்கா, பாத்தீங்களா தம்பி."

மீதியை வெட்டிவிட்டேன். மங்கலமான வீடியோவில் எல்லாவற்றையுமா வைக்க முடியும்?

பத்து நிமிஷத்தில் போன் வந்தது. "அப்பா குரலக் கொண்டாந்து குடுத்துட்டீங்கண்ணே. இத நான் சாகுத வரைக்கும் மறக்க மாட்டேன்" என்றாள். எத்தனையோ பேர் என் வேலையைப் பாராட்டியிருக்கிறார்கள். இப்படி உடம்பு கூசியது இதுதான் முதல் தடவை.

அக்டோபர் 1, செவ்வாய்

உலகேஸ்வரி அந்த வீடியோவை ஸ்டேட்டஸில் வைத்திருக்கிறாள். முத்துச்செல்வி பார்த்துவிட்டு அழுதாள். "நீங்க எடுத்ததுலயே இதான் நல்ல வீடியோ" என்கிறாள்.

அக்டோபர் 5, சனி

ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்க உலகேஸ்வரி தென்காசியில் மாப்பிள்ளை வீட்டிலிருந்து வந்திருந்தாள். புதுப் பெண் மாதிரியே இல்லை. முகம் காய்ந்துபோய் இருக்கிறது. படங்களைத் தள்ளிக்கொண்டே வந்தவள் தாரை வார்க்கும் படம் வந்ததும் கையை எடுத்துவிட்டாள்.

"இது வேண்டாம்ணே."

"இது இல்லாம எப்படிம்மா? இதுதான முக்கியம்."

"சித்தப்பா இருக்க படம் ஒண்ணும் வேண்டாம். காலையில இருந்து அப்பாகூடவே இருந்தாவ. ஒரு மனுசன் நெஞ்சு வலியில உக்காந்திருக்கது கண்ணுக்குத் தெரியாதா? இவியளுக்குப் பந்தியும் தாம்பூலப் பையும்தான் பெருசாப் போச்சு. போன வாரம் வீட்டு வாசல்ல வந்து நின்னாவ. நான் கதவத் தொறக்கல."

நான் மவுஸைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முத்துச்செல்வி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, "அப்பிடிச் சொல்லாத தாயி. அவங்களுக்கும் தெரிஞ்சிருக்காது" என்றாள்.

"கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்லக்கா."

பதினெட்டு படத்தில் சுப்பையா அண்ணாச்சி இருந்தார். பதினெட்டையும் எடுத்துவிடச் சொன்னாள். எடுத்துவிட்டேன்.

அக்டோபர் 8, செவ்வாய்

சுப்பையா அண்ணாச்சி போன் செய்தார். ஆல்பம் எந்த அளவில் இருக்கிறது என்று கேட்பது போலக் கேட்டுவிட்டு, கடைசியில், "அண்ணன் குரலு ஏதோ இருக்காமே தம்பி. எனக்கும் ஒண்ணு அனுப்புவீங்களா? பிள்ள எனக்குக் காட்டல" என்றார்.

அனுப்புகிறேன் என்றேன். அனுப்பவில்லை.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. லைட், ஸ்டாண்டு, டிரோன், பழைய கேமரா எல்லாவற்றையும் துடைத்து வரிசையாக வைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். புதுக் கேமராவைப் பையிலிருந்தே எடுக்கவில்லை.

"அது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?" என்று முத்துச்செல்வி கேட்டாள்.

லென்ஸில் குங்குமம் பட்டுவிடும் என்றேன். மற்ற கேமராவுக்கெல்லாம் லென்ஸ் இல்லையா என்று அவள் கேட்கவில்லை. என்னைப் பார்த்துவிட்டுச் சுண்டல் தாளிக்கப் போய்விட்டாள்.

முழுப் பூசணிக்காயை எத்தனை நாள் சோற்றில் மறைப்பது? இந்த டைரியை என்னைத் தவிர எவனும் படிக்கப் போவதில்லை. இங்கேயும் பொய் எழுதிக்கொண்டிருந்தால் நான் என்ன மனிதன்! கிளிப்பில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன். படம் முழுக்கத் தரைதான்.

அவர்: "தம்பி, எங்க வீட்டுக்காரி இருந்திருந்தா நாங்க ரெண்டு பேரும் மேல நின்னுருப்போம்."

நான்: "ம்."

அவர்: "பிள்ள எவ்வளவு லச்சணமா இருக்கா, பாத்தீங்களா தம்பி."

நான்: "சரி அண்ணாச்சி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. லைட்ட மறைக்கீங்க."

கொஞ்ச நேரம் மேளம் மட்டும்.

அவர்: "தம்பி, நெஞ்சுல ஆள் ஏறி உக்காந்த மாதிரி இருக்கு. இடது கை மரத்துப் போவுது. சொந்தக்காரங்க யார்கிட்ட சொன்னாலும் இப்ப பதறிருவாவ, முகூர்த்தம் நின்னுரும். நீங்க வெளி ஆளு. தாலி ஏறுனதும் எங்க தம்பி சுப்பையாகிட்ட மட்டும் மெதுவாச் சொல்லிருங்க. அவன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருவான்."

நான்: "சொல்லுதேன், சொல்லுதேன். ஃப்ரேம்ல விழுறீங்க அண்ணாச்சி. அந்தத் தூணுக்குப் பின்னால போயிருங்க."

கெட்டிமேளம் என்று ஐயர் கத்துகிறார். நான் பட்டனை அழுத்துகிறேன். கிளிப் முடிகிறது.

அக்டோபர் 12, சனி

நேற்று எழுதாமல் விட்டது ஒன்று இருக்கிறது. அடுத்த கிளிப். தாலி ஏறிய பிறகு நிறுத்துவதாக நினைத்து நான் அழுத்தியபோது ஓடத் தொடங்கியது. நாற்பது விநாடி. தரையில் மஞ்சள் அரிசி சிதறிக் கிடக்கிறது. வேட்டிக் கரையும் இரண்டு வெறுங்கால்களும் வந்து நிற்கின்றன. குதிகால் முழுக்க வெடிப்பு.

"தம்பி, சுப்பையாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இந்தா அண்ணாச்சி, சொல்லிருதேன். குடும்ப போட்டோ முடியட்டும்."

கால்கள் மெதுவாகத் திரும்பிப் போகின்றன.

குடும்ப போட்டோ முடிய முக்கால் மணி நேரம் ஆனது. அதன் பிறகு பந்தி. எனக்கு மறந்தே போய்விட்டது. மறந்துவிட்டேன், அவ்வளவுதான். சுப்பையா அண்ணாச்சியிடம் மூன்று தடவை பேசினேன். ஒரு தடவை துண்டைச் சரியாகப் போடச் சொன்னேன், இரண்டு தடவை சிரிக்கச் சொன்னேன்.

அக்டோபர் 14, திங்கள்

இன்று நாற்பதாவது நாள். தென்காசிக்குப் போனேன். மாப்பிள்ளை வேலைக்குப் போயிருந்தார். உலகேஸ்வரியும் மாமியாரும் இருந்தார்கள். லேப்டாப்பைச் சாப்பாட்டு மேஜையில் வைத்து, "அன்னைக்கு அனுப்புனது முழுசு இல்லம்மா" என்றேன். இரண்டு கிளிப்பையும் போட்டேன்.

முதல் கிளிப்பை அவள் அசையாமல் கேட்டாள். இரண்டாவதில் அந்தக் கால்கள் வந்ததும், "அப்பா காலு" என்று திரையில் விரல் வைத்தாள். நாற்பது விநாடி முடிந்தது. திரும்பப் போடச் சொன்னாள். போட்டேன். இன்னொரு தடவை கேட்டாள். மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"அப்ப, பத்தரையில இருந்து மூணரை வரைக்கும் அப்பா சும்மா உக்காந்திருக்கல" என்றாள். "சித்தப்பா வருவாவ, வருவாவன்னு காத்துக்கிட்டு இருந்திருக்காவ."

நான் காலில் விழப் போனேன். வெட்கம்கெட்டவன், அதிலும் காட்சி அமைக்கிற வீடியோக்காரன் புத்தி. அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

"என் கால்ல எதுக்கு விழுறீங்க? அப்பா யார்கிட்ட சொல்லச் சொன்னாவ?"

"சுப்பையா அண்ணாச்சிகிட்ட."

"பொறவு இங்க வந்து உக்காந்துக்கிட்டு என்கிட்ட எதுக்குச் சொல்லுதீங்க? அங்க போய்ச் சொல்லுங்க."

பென்டிரைவை மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். படியிறங்கும்போதுதான் அவள் அழும் சத்தம் கேட்டது. எனக்குத் திரும்பிப் போகத் தகுதியில்லை.

அக்டோபர் 15, செவ்வாய்

காலை பதினோரு மணிக்குப் புளியங்குடி. பாத்திரக்கடையில் சுப்பையா அண்ணாச்சி ஒரு அம்மாளுக்கு இட்லிப் பானை காட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வாங்க தம்பி, ஆல்பமா?" என்றார். முகத்தில் அப்படி ஓர் ஆசை. அந்த அம்மாள் பேரம் பேசிப் பானையை வாங்கிக்கொண்டு போகும்வரை நின்றேன். வண்டிச் சாவியை மேஜையில் வைத்தேன்.

"அண்ணாச்சி, உங்க அண்ணன் உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாவ."

"எப்ப?"

"கல்யாணத்தன்னைக்கு. தாலி ஏறுதுக்கு முன்னால."

சொன்னேன். நெஞ்சு வலி, இடது கை, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகச் சொன்னது, இரண்டாம் தடவை வந்து கேட்டது, நான் சொன்ன பதில், தூணுக்குப் பின்னால் போகச் சொன்னது. ஒன்றையும் வெட்டவில்லை. சொல்லி முடித்ததும் திட்டுவார், அடிப்பார் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

அவர் மேஜையில் இருந்த டம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினார். பிறகு பேசினார்.

"ரெண்டு மணி இருக்கும். ஸ்டோர் ரூமுக்குத் தயிர் எடுக்கப் போனேன். அண்ணன் நாற்காலியில உக்காந்து என்னையே பாத்தாவ. 'என்னண்ணே, சாப்பிடலையா'ன்னு கேட்டேன். பதிலே சொல்லல. சும்மா பாத்தாவ. எனக்கு அவசரம். வாளியத் தூக்கிக்கிட்டு வந்துட்டேன்."

"அண்ணாச்சி..."

"நீங்க எனக்குச் சொல்லியாச்சுன்னுதான அவிய இருந்திருப்பாவ? அப்ப, எல்லாம் தெரிஞ்சும் நான் கண்டுக்காமப் போறேன்னுல்ல எங்கண்ணன் நெனச்சிருப்பாவ. அதோடயே போயிட்டாவளே தம்பி."

நான் நின்றேன். ஒரு ஆள் வந்து குக்கர் கேஸ்கட் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்று அண்ணாச்சி கையை ஆட்டினார். அவருக்குப் பின்னால் கேஸ்கட் சரம் சரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"நீங்க போங்க தம்பி" என்றார். "போங்க."

பஸ் ஸ்டாண்டு வரை நடந்த பிறகுதான் சாவியை மேஜையிலேயே விட்டுவிட்டு வந்தது தெரிந்தது. வண்டி அவர் கடை வாசலில் நிற்கிறது. திரும்பிப் போய் அந்த முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. பஸ் ஏறிச் சங்கரன்கோவில் வீட்டுக்கு வந்துவிட்டேன். முத்துச்செல்வியிடம் வண்டி பஞ்சர் என்று சொன்னேன்.

அக்டோபர் 16, புதன்

காலை ஆறரைக்கு முத்துச்செல்வி கோலம் போடப் போனவள் அப்படியே உள்ளே வந்து என்னை எழுப்பினாள். வாசலில் வண்டி நிற்கிறது. சாவி அதிலேயே இருக்கிறது.

"பஞ்சர்னீங்க? வயசானவரு ஒருத்தரு தெரு முக்குல பஸ் ஸ்டாண்டப் பாத்து நடந்து போறாவ. கல்யாணத்துக்கு ஆர்டர் குடுக்க வந்தாவல்ல, அந்தப் பாத்திரக்கடை அண்ணாச்சி மாதிரி இருந்துச்சு. கூப்புட்டேன், திரும்பிப் பாக்கல. இம்புட்டு தூரம் ஓட்டிக்கிட்டு வந்தவிய ஒரு வாய் காபி குடிக்காம ஏன் போறாவ?"

அடுப்பில் பால் பொங்கும் சத்தம் கேட்டது. அதை அணைத்துவிட்டு வந்து உட்காரச் சொன்னேன்.